வேலைக்குப் போய்க்கொண்டே நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் எப்படிப் பயிற்சி எடுக்கிறீர்கள்?

அலுவலக வேலையில் இருக்கும் ஒருவர் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரையத்லான் போட்டிக்குத் தயாராக முடியுமா, உங்கள் வாரம் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். எனக்கு 43 வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, மாதக் கடைசியில் வீடு வந்து சேர இரவு பத்தாகிவிடும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஒரு ஒலிம்பிக் தூரப் போட்டியும் ஒரு 70.3-உம் முடித்திருக்கிறேன். முடிவுப் பட்டியலில் என் பெயரை மேலிருந்து தேடாதீர்கள், கீழிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

தெரியாதவர்களுக்காகத் தூரக் கணக்கு. ஸ்பிரின்ட் என்பது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதைப்போல இரண்டு மடங்கு. 70.3 என்பது 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். மொத்தம் 70.3 மைல் வருவதால் அந்தப் பெயர். முழு அயர்ன்மேன் அதிலும் இரண்டு மடங்கு, அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

இதற்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று ஊரில் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "இதெல்லாம் சின்னப் பிள்ளையில சும்மாதானே செஞ்சுக்கிட்டுத் திரிஞ்ச, இப்ப எதுக்குக் காசு கட்டுற?" கேள்வி நியாயமானது. எங்கள் ஊர் விருதுநகர்ப் பக்கம். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழகிய ஆள் நான், பம்பு செட்டு மேலிருந்து குதித்தவன், வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் அடித்தவன். எனவே மூன்றில் நீச்சல் நமக்கு வரும், மற்ற இரண்டைப் பழகிக்கொண்டால் போதும் என்று நினைத்துதான் இறங்கினேன். நடந்தது நேர்மாறு.

முதல் நாள் 25 மீட்டர் குளத்தில் ஒரு முனையில் கிளம்பி மறு முனையைத் தொட்டபோது நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. பக்கத்துப் பாதையில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று அலட்டாமல் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. கிணற்று நீச்சலில் நாம் தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்திருப்போம். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், இடுப்பு போனால் கால் போகும், அப்புறம் நீந்துவதில்லை, தண்ணீருக்குள் படி ஏறுவதுதான். கிணற்றில் பத்து அடியில் மறு கரை வந்துவிடுவதால் அது தெரியவே இல்லை. 1.9 கிலோமீட்டர் என்றால் அந்தக் குளத்தில் 76 நீளம்.

பயிற்சியாளர் அறுபதை நெருங்கும் மனிதர், கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், லேசில் வாய் திறக்க மாட்டார். இரண்டு வாரம் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "சார், நீங்க மூச்சு எப்படி இழுக்கறதுன்னே யோசிக்கிறீங்க. தண்ணிக்குள்ள முகம் இருக்கும்போது விடுங்க. விட்டாத்தானே உள்ள இடம் இருக்கும்." நான் மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பும் அந்த அரை வினாடியில் விடவும் வேண்டும் இழுக்கவும் வேண்டும் என்று திணறிக்கொண்டிருந்திருக்கிறேன். உண்மையில் அப்போது மூச்சு முட்டுவது பெரும்பாலும் காற்று போதாமல் இல்லை, பழைய காற்று வெளியே போகாமல் கரியமில வாயு சேருவதால். அடுத்த பத்து நாள் வேறு எதுவும் செய்யவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்து, மூக்கு வழியாகக் குமிழி விட்டு, பக்கவாட்டில் திரும்பி, திரும்ப உள்ளே. பார்ப்பவர்களுக்கு இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகுதான் 100 மீட்டர் நிற்காமல் போனேன், நாலு மாதத்தில் 1500 வந்தது.

சரி, வாரக் கணக்குக்கு வருகிறேன். திங்கள் எங்கள் குளத்துக்குச் சுத்தம் செய்யும் நாள், எனக்கும் ஓய்வு. செவ்வாயும் வியாழனும் காலை ஆறு மணி பேட்ச்சில் முக்கால் மணி நேரம் நீச்சல். புதன் 50 நிமிட ஓட்டம், அதில் நடுவில் மூன்று மூன்று நிமிடமாக ஐந்து முறை வேகமாக. வியாழன் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு பால்கனியில் ட்ரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ஸ்டாண்டு) சைக்கிளை மாட்டி 50 நிமிடம் (கீழ் வீட்டுக்காரர் "ராத்திரியில மாவு அரைக்கிறீங்களா?" என்று கேட்ட பிறகு அடியில் இரண்டு ரப்பர் பாய் போட்டேன்). வெள்ளி 40 நிமிடம் சும்மா ஓட்டம். சனி நீண்ட ஓட்டம், ஒன்றரை மணி நேரம். ஞாயிறு ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், மூன்று மணி நேரம் சைக்கிள், இறங்கியதும் ஷூ மாற்றி 20 நிமிட ஓட்டம். கூட்டினால் எட்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. போட்டிக்கு முந்தைய இரண்டு மாதம் பத்து, பதினொன்று வரை போகும். மாதக் கடைசி வாரத்தில் ஐந்துகூட வராது, அதற்காக அடுத்த வாரம் சேர்த்துச் செய்வதில்லை. விட்டது விட்டதுதான். ஆரம்பத்தில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே வாரத்தில் மூன்று நீண்ட ஓட்டம் ஓடி, குதிகால் வலியில் காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் ஏழு வாரம் போனது.

இந்த எட்டேமுக்கால் மணியில் உண்மையாகக் கஷ்டப்படுவது ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றேகால். மிச்சமெல்லாம் மெதுவாக. என்னைப்போல நாற்பதில் தொடங்கும் ஆட்கள் பலரும் கெடுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். மெதுவாக ஓட வேண்டிய நாளில் வெட்கப்பட்டுக்கொண்டு கொஞ்சம் வேகமாக ஓடுகிறோம், வேகமாக ஓட வேண்டிய நாளில் களைப்பில் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறோம், எல்லா நாளும் ஒரே அரைகுறை வேகம். 180-இல் வயதைக் கழித்து அந்த இதயத் துடிப்புக்கு மேல் போகாதே என்று ஒரு பழைய கணக்கு உண்டு. எல்லாருக்கும் துல்லியமாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடிவாளம் போட உதவும். எனக்கு அது இப்போது 137. முதலில் அதைக் கடைப்பிடித்தபோது கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் ஆனது. பெசன்ட் நகர் கடற்கரையில் கைத்தடி ஊன்றி நடக்கும் ஒரு தாத்தா என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார். வாட்ச் வேண்டாம் என்றால், ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள், அதுவே போதும். எட்டு மாதம் கழித்து அதே துடிப்பில் ஏழு நிமிடம் பத்து வினாடி வந்தது. மே மாதம் மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கே வியர்வை காயாத புழுக்கத்தில், அதே வேகத்துக்குத் துடிப்பு பத்து பதினைந்து கூடத்தான் காட்டும்.

சைக்கிள் பற்றித்தான் நிறையப் பேர் முதலில் கேட்பார்கள், எது வாங்கலாம் என்று. நான் 45,000 ரூபாய்க்கு ஒரு பழைய ரோடு பைக் வாங்கினேன், இன்றும் அதுதான். காசை ஹெல்மெட்டிலும், பின்னால் எரியும் விளக்கிலும், அளவு பார்த்து சீட் உயரம் வைத்துக்கொடுக்கத் தெரிந்த ஆளிடமும் செலவழியுங்கள். ஷூ பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் போட்ட முதல் வாரம், சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றேன், காலை எடுக்க மறந்தேன், மரம் சாய்வதுபோல அப்படியே இடது பக்கம் சாய்ந்தேன். பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், நின்னுக்கினே வுழறே?" என்றார். என்ன சொல்ல.

ஞாயிறு நாலே முக்காலுக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்புவோம், மூன்று நாலு பேர். மாமல்லபுரம் போய்த் திரும்பினால் 90 கிலோமீட்டர் பக்கம் வரும், 70.3-க்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. ஆனால் கணக்குப் போட வேண்டியது தூரத்தை இல்லை, காற்றை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று. போகும்போது முதுகில் தள்ளிவிடும், மணிக்கு 32, 33 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து நாம் பெரிய ஆள் ஆகிவிட்டோம் என்று நினைப்போம். கோவளம் தாண்டி வடக்கே திரும்பி வரும்போது முகத்தில் அறையும், முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டில் வேறு ஆட்டும், 22-க்கே நாக்கு தள்ளும். எனவே போகும்போதே பாதி பலத்தை மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டும். எட்டு மணிக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு கார்கள் அதிகம். பஞ்சர் ஒட்டத் தெரியாமல் தனியாகப் போகாதீர்கள். லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய கம்பித் துண்டுதான் எனக்குப் பாதி பஞ்சருக்குக் காரணம். ட்யூப் மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து அதை எடுக்காவிட்டால் புது ட்யூபும் ஐந்து நிமிடத்தில் போகும்.

சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடுவதை பிரிக் என்பார்கள், செங்கல்தான். கால் இரண்டும் செங்கல் கட்டியதுபோலத்தான் இருக்கும், முதல் ஒரு கிலோமீட்டர் யாருடைய காலோ. நாலு ஞாயிறு செய்தால் பழகிவிடும், அதனால் அதிகம் பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். ஒரு ஏப்ரல் ஞாயிறு 80 கிலோமீட்டருக்கு வெறும் தண்ணீராகக் குடித்தேன், நாலு லிட்டருக்கு மேல். வீட்டுக்கு வரும்போது தலை கிறுகிறுத்து, விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. உப்பெல்லாம் வியர்வையில் போக, வெறும் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், அது விளையாட்டு இல்லை. ஓடப் போகும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். நான் ஒரு மணி நேரத்தில் 1.3 கிலோ இறங்குகிறேன், என்றால் ஏறக்குறைய 1.3 லிட்டர் வியர்வை. இப்போது ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும், இன்னொன்றில் தண்ணீர். நீண்ட சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு, ஒரு வாழைப்பழம் 25 கிராம் பக்கம், மீதிக்குக் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம். கடலை மிட்டாய் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மூச்சு வாங்கும்போது மென்றால் புரை ஏறும். வந்ததும் பழைய சோறும் மோரும், அதற்கு ஈடாக எந்த டப்பா பவுடரும் இல்லை.

கடல் நீச்சல் தனி. குளத்தில் அடியில் கோடு இருக்கும், கடலில் உங்கள் கைகூடத் தெரியாது. நாங்கள் மாதம் இரண்டு முறை, மீனவர் அண்ணன் ஒருவரின் ஃபைபர் படகு கூடவே வர, கோவளம் பக்கம் இறங்குவோம். படகில்லாமல் இறங்கவே கூடாது, சென்னைக் கடலின் இழுப்பு நன்றாக நீந்துபவரையும் கொண்டுபோகும். முதல் நாள் அவர் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இன்னைக்கு வெள்ளம் வடக்க இழுக்குது, தெக்க நூறடி தள்ளி எறங்கு" என்றார். வெள்ளம் என்று அவர்கள் சொல்வது நீரோட்டத்தை. நேராக நீந்தினேன் என்றுதான் நினைத்தேன், அவர் சொன்னதுபோலச் சரியாக மிதவைக்கு வந்து சேர்ந்தேன், கூட வந்த இன்னொருவர் அவர் பேச்சைக் கேட்காமல் இறங்கி எங்கோ வடக்கே கரை ஏறி நடந்து வந்தார். ஆறேழு கைவீச்சுக்கு ஒரு முறை முதலைபோலக் கண்ணை மட்டும் மேலே தூக்கி, கரையில் ஏதாவது உயரமான ஒன்றைக் குறி வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் நேரம் ஒதுக்குவதைப் பற்றி எழுதுவது பொய். மனைவி போட்ட ஒப்பந்தம் ஒரு வரி: "ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பதரைக்கு மேல தூங்கக் கூடாது." அதாவது வந்து குளித்துவிட்டு சமையல் என்னுடையது, பிள்ளைகளை பாட்டு கிளாஸுக்குக் கூட்டிப் போவதும் என்னுடையது. முதல் வருடம் நான் சோபாவில் சாய்ந்து தூங்கித் தூங்கி வாங்கிக் கட்டிக்கொண்டதில் வந்த ஒப்பந்தம் அது. பெரும்பாலான நாள் இரவு ஒன்பதரைக்குப் படுப்பதால் கல்யாண ரிசப்ஷன்கள் பல போயின, அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

கோவாவில் மிராமர் கடற்கரையில் நடக்கும் 70.3-இல் நீச்சல் 52 நிமிடம், சைக்கிள் 3 மணி 25 நிமிடம், ஓட்டம் 2 மணி 41 நிமிடம், நடுவில் உடை மாற்றி உட்கார்ந்து யோசித்தது 14 நிமிடம். ஆக 7 மணி 12 நிமிடம். எட்டரை மணி நேரக் கெடுவுக்குள் நிம்மதியாக வந்துவிட்டேன். ஓட்டத்தில் கடைசி எட்டு கிலோமீட்டரில் பாதி நடைதான்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பழைய கிணற்றில் மழைக்குப் பிறகு நல்ல தண்ணீர். பயல்கள் மேலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கி, கற்றுக்கொண்டபடி முகத்தை உள்ளே வைத்து, குமிழி விட்டு, அலட்டாமல் நாலு சுற்று வந்தேன். நிமிர்ந்தால் எல்லாரும் குதிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பி மகன்தான் கேட்டான்: "பெரியப்பா, நீச்சல் தெரியாதுன்னா சொல்ல வேண்டியதுதான? சுரைக்குடுக்கை கட்டிவிடவா?"