நூல் கட்டிய மொட்டு

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை நான்கு வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

மாடியில் பதினோரு தொட்டிகள் வைத்திருக்கிறேன். செம்பருத்தி, ரோஜா, சாமந்தி, அந்திமந்தாரை, ஓரத்தில் ஒரு இரங்கூன் மல்லி. முதல் செம்பருத்தி பூத்த அன்று அலுவலகத்துக்கே தாமதமாகத்தான் போனேன், அவ்வளவு சந்தோஷம். இப்போது இரண்டு வருடம் ஆகிவிட்டது. காலையில் கிடைப்பது பத்து நிமிடம். தண்ணீர் ஊற்றுகிறேன், பூத்திருந்தால் மொபைலில் ஒரு படம் எடுக்கிறேன், இறங்கி வந்துவிடுகிறேன். படங்கள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஒன்றைக்கூடத் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

பூக்களைப் பார்த்து வாழ்க்கையை யோசித்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். நானும் செம்பருத்தி முன்னால் நின்று பார்த்தேன். ‘அழகாக இருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. ‘சாயங்காலம் வாடிவிடும்’ என்று தோன்றியது, ஆனால் அதுவும் எங்கோ படித்ததுதான். ஒரு பூவைப் பார்த்தால் என்னதான் தோன்ற வேண்டும்? எனக்குத்தான் அந்த மனம் இல்லையா?

அன்புடன்,
சு.

*

அன்புள்ள சு.,

ஒன்றும் தோன்ற வேண்டியதில்லை. உங்கள் கடைசி வரி மனதை உறுத்தியதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூவுக்கு முன்னால் நின்றும் ஒரு தத்துவம் வரவில்லையென்றால் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நீங்கள் நினைக்கும்படி என்னைப் போல எழுதுகிறவர்கள் செய்துவிட்டோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் படுத்த படுக்கையாக இருந்தேன். ஜன்னல் கம்பியில் இரங்கூன் மல்லிக் கொடி படர்ந்திருந்தது. ஒரே கொத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு. கொடி வைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது, மூன்று நிறத்தில் பூக்கும் கொடி என்றே அத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம், கம்பியை ஒட்டியிருந்த மொட்டு ஒன்று விரிந்தது. வெள்ளை. விரல் நீளத்துக்கு மெல்லிய குழாய், நுனியில் ஐந்து இதழ்கள், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. காலையில் பார்த்தால் அதே இடத்தில் இளஞ்சிவப்புப் பூ, தலை லேசாகத் தொங்கியிருந்தது. அதற்கு மறுநாள் நல்ல சிவப்பு, முழுக்கத் தொங்கிவிட்டது.

நேற்று பார்த்தது வேறு பூவோ என்று எனக்குச் சந்தேகம். மகளைக் கூப்பிட்டு அடுத்த மொட்டின் காம்பில் ஒரு தையல் நூலைக் கட்டச் சொன்னேன். நூல் கட்டிய மொட்டும் மாலையில் வெள்ளையாக விரிந்தது, காலையில் இளஞ்சிவப்பானது, மூன்றாம் நாள் சிவந்தது. அந்த நாட்களில் கண் விழித்ததும் முதலில் நூலைத்தான் தேடுவேன். வலி அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

காரணத்தைப் பின்னால்தான் படித்தேன். இருட்டில் எடுப்பாகத் தெரியும் வெள்ளை நிறமும் வாசனையும், அந்த நீளக் குழாயின் அடிவரைக்கும் எட்டக்கூடிய நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளுக்கு. விடிந்த பிறகு வரும் நிறங்கள் பகலில் வருகிற தேனீக்களுக்கும் பறவைகளுக்கும். படித்தபோது பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நூலைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்த மூன்று நாட்களின் சந்தோஷத்துக்கு அது ஈடாகவில்லை. நானாகக் கண்டுபிடித்தது அல்லவா.

உங்கள் மூவாயிரம் படங்களுக்கு வருகிறேன். படம் எடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அவை எல்லாமே நன்றாக விரிந்த பூக்களாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று நம் மொழியில் பூவுக்கு ஏழு பருவம் உண்டு. பள்ளியில் ஒப்பித்ததோடு மறந்துவிட்டோம். உங்கள் மொபைலில் இருப்பது நடுவில் உள்ள இரண்டு பருவம் மட்டும். உதிர்கிற பூவுக்கு ஒரு சொல், வாடிப்போன பூவுக்கு இன்னொரு சொல் என்று பிரித்து வைத்தவர்கள், பூ விரிந்து முடிந்த பிறகும் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

‘சாயங்காலம் வாடிவிடும்’ என்றீர்கள். உண்மைதான், செம்பருத்திக்குப் பெரும்பாலும் ஒரு நாள்தான். அது வாடுவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? இதழ்கள் உதிர்ந்து சிதறாது. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சுருண்டு, ஏறக்குறைய மொட்டாக இருந்தபோது இருந்த உருவத்துக்கே திரும்பிவிடும். பக்கத்துக் கிளையில் இருக்கும் நாளைய மொட்டையும் இன்று வாடிய பூவையும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. தொட்டால் தெரியும். மொட்டு விறைப்பாக இருக்கும், வாடியது ஈரத் துணியைப் போலக் குழைந்து கிடக்கும். இரண்டையும் இரண்டு விரல்களில் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. கடைசி இரண்டு வருடங்களில் அவள் முழங்காலை மார்புவரை மடக்கிக்கொண்டு கைக்குழந்தையைப் போலச் சுருண்டுதான் படுப்பாள். போர்வையை இழுத்துவிடப் போனால் அவ்வளவு சின்னதாக இருப்பாள். அவள் போய் எட்டு வருடம் கழித்து, ஒரு செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுத பிறகு லேசாக இருந்தது.

இதை நான் தேடிப் போகவில்லை. நிலையாமையை யோசிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் நிச்சயம் கிடைத்திருக்காது. வாடிய பூ என்றதும் ‘நிலையாமை’ என்று நமக்கு முன்பே யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அந்தச் சொல் முந்திக்கொண்டு வந்துவிடுவதால் அதற்கு அப்புறம் நாம் பார்ப்பதே இல்லை. உங்களுக்கு அது இரவல் என்று தெரிந்துவிட்டது. அந்த மனம் இல்லாதவருக்கு அது தெரியாது, சு.

காலையில் பத்து நிமிடம்தான் என்றால் மாலையில் போய்ப் பாருங்கள். அந்திமந்தாரை உங்களுக்காகவே இருக்கிறது. பிற்பகல் சாயும்போது விரியத் தொடங்கி, இரவு முழுக்கத் திறந்திருந்து, காலையில் மூடிக்கொள்ளும். (அதில் நாம் இதழ் என்று நினைக்கும் வண்ணப் பகுதி உண்மையில் புல்லிவட்டம், அதாவது மற்ற பூக்களில் அடியில் பெரும்பாலும் பச்சையாக இருக்கும் உறை. அந்தப் பூவுக்கு இதழ்களாலான அல்லிவட்டமே கிடையாது.) பூக்கள் விரியும் நேரத்தைக் குறித்துவைத்தே ஒரு கடிகாரம் அமைக்கலாம் என்று சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751-இல் எழுதினார். அவர் பூக்களை மூன்று வகையாகப் பிரித்தார்: வானிலையைப் பொறுத்து விரியும் நேரம் மாறுபவை, பகலின் நீளத்தைப் பொறுத்து மாறுபவை, எதற்கும் மாறாமல் குறித்த நேரத்தில் விரிபவை. கடிகாரத்துக்கு மூன்றாவது வகை மட்டும்தான் உதவும். எத்தனை விடியலும் அந்தியும் தோட்டத்தில் நின்றால் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியும் என்று நினைத்துப் பாருங்கள்.

இடமிருந்தால் ஒரு சூரியகாந்தி விதையும் ஊன்றுங்கள். ஒரு பூ என்று நாம் சொல்வது நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கி அமர்ந்த தட்டு, பெரிதாக இருந்தால் ஆயிரத்துக்கும் மேல். அவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, வட்டம் வட்டமாக, நாளுக்குக் கொஞ்சமாக விரியும். பாதி விரிந்த நாளில் ஒரு பூதக்கண்ணாடியோடு போனால் ஓரத்தில் வாடியவை, அதற்கு உள்ளே மகரந்தம் தூவிக்கொண்டிருப்பவை, நடுவில் இன்னும் இறுக மூடிய அரும்புகள் என்று எல்லாப் பருவமும் ஒரே தட்டில் இருக்கும். எனக்கு அதைப் பார்க்க ஒரு மணி நேரம் போதாது.

இப்போதைக்கு உங்கள் இரங்கூன் மல்லியிலிருந்தே தொடங்குங்கள். ஒரே ஒரு மொட்டு போதும். பச்சை நூல் வேண்டாம், இலைகளுக்குள் மறைந்துவிடும். இறுக்கிக் கட்டாதீர்கள், காம்பு ஒடிந்துவிடும். கட்டிய நாளையும் விரிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த பிறகு நூல் எங்கே கிடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா