மக்கள்தொகை குறைந்தால், வளர்ச்சி இல்லாமல் வாழ முடியுமா?

பிறப்பு குறைந்து வளர்ச்சியும் நின்றால் எல்லாரும் ஏழையாகிவிடுவோமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. மொத்த உற்பத்தி வேறு, தலைக்கு எவ்வளவு என்பது வேறு. ஜப்பானில் பத்தாண்டுக்கும் மேலாக மக்கள்தொகை சரிகிறது, வாழ்க்கைத்தரம் நொறுங்கிவிடவில்லை.

உண்மையான சிக்கல் ஓய்வூதியத்தில்தான். பல நாடுகளில் இன்று உழைப்பவர் கட்டும் பணமே இன்றைய முதியவருக்குப் போகிறது. தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை, மக்கள்தொகை நிலைக்க ஏறத்தாழ 2.1 வேண்டும். கட்டுபவர் குறைய, வாங்குபவர் கூடுவார்கள். சம்பளத்தில் மட்டுமே பிடித்தால் இளைஞர்கள் தாங்க மாட்டார்கள், அப்புறம் குழந்தை பெறவும் தயங்குவார்கள். அதனால் பெருஞ்சொத்து, வாரிசுச் சொத்து, மூலதன லாபம் (நிலம், பங்கு போன்றவற்றை விற்றுக் கிடைக்கும் லாபம்) மீதும் வரி வேண்டும் என்பேன். வளர்ச்சி இருந்தவரை "உங்கள் பங்கும் பெருகும்" என்று சொல்லியே ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதை ஆட்சியாளர்கள் தள்ளிப்போட்டார்கள். இனி அது நடக்காது.