பேயெல்லாம் ஏன் பெண்ணாகவே இருக்கிறது?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆறு மாதமாகப் பேய்ப் படத்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. தமிழ், மலையாளம், ஜப்பான், கொரியா என்று எந்த ஊர்ப் பேயையும் விடுவதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, அப்புறம் பாத்ரூம் போக என்னை எழுப்புகிறாள். 'வயசுப் பொண்ணு இதையெல்லாம் பாத்தா காத்து கருப்பு அண்டும்' என்று மாமியார் தினமும் சத்தம் போடுகிறார். போன வாரம் அவள், 'ஏம்மா, பேயெல்லாம் ஏன் பொம்பளையாவே இருக்கு?' என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கு என்ன சொல்வது? படம் பார்ப்பதை நிறுத்துவதா, விடுவதா?
பெயர் வேண்டாம், திருவள்ளூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தை நிறுத்துவதா என்பதற்குப் பதில் சின்னது. அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் மகள் கேட்டதுதான் பெரிய கேள்வி. இந்த வயதில் அது தோன்றியிருக்கிறதே, அதற்கே அவளைக் கட்டிக்கொள்ளலாம். எனக்கு அது தோன்ற முப்பது வயதாயிற்று.

எங்கள் ஊரில் வயலுக்குப் போகும் வழியில் ஒரு படிக்கிணறு இருந்தது. நல்ல தண்ணீர். ஆனால் யாரும் இறைக்க மாட்டார்கள். பக்கத்திலிருந்த துவைக்கிற கல் பாசி பிடித்துக் கிடக்கும். 'உச்சிப் பொழுதில் அந்தப் பக்கம் போகாதே, அங்கே ஒருத்தி இருக்கா' என்பார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது, தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வரப்பு வரப்பாகச் சுற்றித்தான் போவேன். கால் கிலோமீட்டர் கூடுதல். வெயிலில் கால் சுடும். இருந்தாலும் கிணற்றுப் பக்கம் போனதில்லை.

நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு ஒரு நாள், அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அந்தக் கதையைச் சொன்னார். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண். தாலி கட்டி எட்டு மாதம். 'விழுந்தாளா, தள்ளினாங்களானு அன்னைக்கு யாரும் கேக்கல' என்றார். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அவள் வெறும் 'ஒருத்தி'.

உங்கள் மகளின் கேள்விக்கு என் பதில் அந்தக் கிணற்றிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பேயைப் பார்த்தால், அது பேயாவதற்கு முன்னால் அதற்கு என்ன நடந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். எந்த ஊரிலும் பேய்க்கதை என்பது, பஞ்சாயத்துக்கும் வராமல், கோர்ட்டுக்கும் போகாமல் மூடிவைத்த ஒரு வழக்கு. மூடிவைத்தவர்களுக்குத்தான் ராத்திரியில் கொலுசுச் சத்தம் கேட்கிறது.

இதற்கு உங்கள் பக்கத்து ஊரிலேயே சாட்சி இருக்கிறது. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர் நீலியின் கதை. சொல்கிறவரைப் பொறுத்து விவரம் மாறும். ஆனால் எல்லோரும் சொல்வது இது: ஒருவன் தன்னை நம்பி வந்த மனைவியைக் காட்டில் வைத்துக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிக் காத்திருக்கிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகி அந்த வழியே வரும்போது, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டுப் போகிறார்' என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். அவன் பதறுகிறான், இவள் பேய் என்கிறான். சபையிலிருந்த எழுபது வேளாளர்கள் அவள் கண்ணீரை நம்பி, 'உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்' என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீக்குளிக்கிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் திருவாலங்காட்டைப் பாடும்போதே, 'வஞ்சப்படுத்து ஒருத்தி வாணாள் கொள்ளும் வகை கேட்டு அஞ்சும்' பழையனூர் என்கிறார். அப்போதே பழைய கதை. அப்போதே அச்சம். அங்கேயும் அவள் 'ஒருத்தி'தான் என்பதைக் கவனியுங்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. எழுபது பேரின் வாய்மையை ஊர் போற்றியது, பாட்டில் வைத்தது. போற்ற வேண்டியதுதான். ஆனால் நீலியிடமிருந்து நம் மொழி எடுத்துக்கொண்டது 'நீலிக் கண்ணீர்' என்ற வசவு மட்டும். பொய்க் கண்ணீர் என்று அதற்குப் பொருள் சொல்கிறோம். முதலில் கொல்லப்பட்டவள் அவள். அந்தக் காட்டில் அவள் அழுத அழுகை நிஜம். அதற்கு நம்மிடம் ஒரு சொல் இல்லை. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

தெற்கே போனால் கதை வேறு மாதிரி திரும்புகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் முப்பந்தல் இசக்கியம்மன் கதையும் இதே நீலிக் கதைதான். அங்கே அவளுக்குக் கோயில் கட்டினார்கள், கொடை விழா எடுத்தார்கள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கியவளிடமே பிள்ளை வரம் கேட்கிறார்கள். தப்பு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு கும்பிட்ட ஊரில் அவள் தெய்வம். ஒப்புக்கொள்ளாத ஊரில் பேய்.

சரி, பேயின் உடுப்புக்கு வருவோம். நம் பழைய படங்களில் பேய்க்கு ஏன் வெள்ளைச் சேலை? ஏன் பொட்டில்லாத நெற்றி? உங்கள் மாமியாரிடம் கேட்டால் சொல்வார். அது தாலியறுத்த பெண்ணின் கோலம். பதினைந்து, இருபது வயதில் புருஷனை இழந்தவளுக்கு வெள்ளையைக் கட்டிவிட்டு, மூலையில் உட்காரவைத்து, நல்ல காரியத்துக்கு எதிரே வராதே என்று சொன்ன சமூகம் இது. வீட்டுக்குள்ளேயே ஒருத்தியை இப்படி வைத்திருந்தால், இருட்டில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் குலை நடுங்கத்தானே செய்யும்! அவள் வாய் திறந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம் அது. இன்றைக்கு விதவைகள் கலர் சேலை கட்டுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். இப்போதைய படங்களில் வெள்ளைச் சேலைப் பேய் குறைந்துகொண்டே வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சுமைதாங்கிக் கல்லை உங்கள் மகள் பார்த்திருக்கிறாளா? பழைய ரோட்டோரங்களில் இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைப் போட்டிருப்பார்கள். தலைச்சுமைக்காரர் யார் துணையும் இல்லாமல் மூட்டையை இறக்கி வைக்கிற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக அதை வைப்பார்கள். அவள் இறக்க முடியாமல் போன சுமையை, வழிப்போக்கர் சுமை இறங்கும்போதாவது அவளும் இறக்கிக்கொள்ளட்டும் என்பது நம்பிக்கை. வைக்காவிட்டால் அவள் அலைவாள் என்று பயம். பிரசவத்தில் பெண்கள் சாவது சாதாரணமாக இருந்த காலத்துப் பயம் அது. வடக்கே சுடைல் என்பார்கள், மலாய் ஊர்களில் பொந்தியானாக். இரண்டுமே பிள்ளைப்பேற்றில் இறந்தவள்தான். இந்தியாவிலிருந்து போன பி.என். ராவ் 1957-ல் சிங்கப்பூரில் அந்தப் பொந்தியானாக்கை வைத்து எடுத்த படம் அங்கே பெரிய வெற்றி. 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். நம் பாட்டிகள் காலத்தோடு பார்த்தால் எவ்வளவோ குறைவு. இப்போது யாரும் புதிதாகச் சுமைதாங்கி நடுவதில்லை.

ஜப்பான் படங்களை அவள் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிணற்றிலிருந்து தலைமுடி முகத்தை மறைக்க ஒரு பெண் ஏறி வருவாளே, 1998-ல் வந்த 'ரிங்', அதையும் பார்த்திருப்பாள். அந்தப் பெண்ணைக் கிணற்றில் தள்ளியது அவளுடைய அப்பா. அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கிணறுதான் கண்ணுக்குள் வந்தது. அதற்கும் முன்னால், 1825-ல் ஜப்பானிய நாடக மேடையில் ஓஇவா என்ற மனைவி. மருந்து என்று சொல்லிக் கொடுத்த விஷத்தால் முகம் கோரமாகி, தலை வாரும்போது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். புருஷன் வேறு கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பான். இன்றைக்கும் ஜப்பானிய மேடையில் அந்தக் காட்சியை நடிக்கிறார்கள்.

எல்லாப் பேயும் பெண்தானா என்றால், இல்லை. அநியாயம் யாருக்கு நடந்ததோ, அவர்கள் உருவில்தான் வரும். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதித்தது. தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகில் வெள்ளைச் சாம்பல் மழைபோலக் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் நோயில் விழுந்தார்கள். ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பரில் இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று, குண்டுச் சோதனையால் கடலிலிருந்து எழுந்து வரும் ராட்சத மிருகத்தின் கதையான காட்ஸில்லா படம் திரைக்கு வந்தது. கடலில் பளீரென்று ஒரு வெளிச்சம், எரிந்து மூழ்கும் ஒரு கப்பல், அப்படித்தான் படம் தொடங்கும். ஜப்பான் அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்த ஆண்டுகளில் அணுகுண்டைப் பற்றி எழுதத் தணிக்கை இருந்தது. வாய்விட்டு அழ முடியாமல் கிடந்த ஒரு நாட்டுக்கு, அழுவதற்கு ஒரு மிருகம் கிடைத்தது.

நம் ஊரில் 2011-ல் 'காஞ்சனா' வந்தது. அதில் பேய் ஒரு திருநங்கை. ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை அபகரிப்பதற்காக அவளைக் கொன்றுவிடுவார்கள். படத்தில் காமெடி அதிகம், அடிதடி அதிகம், எனக்கு அதெல்லாம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் கொலைக் காட்சியில் தியேட்டர் அமைதியானது. ரோட்டில் திருநங்கைகளைப் பார்த்தால் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறவர்களும் அங்கே பேயின் பக்கம் நின்றார்கள். நீலியின் பக்கம் நிற்க நமக்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக முடியவில்லை.

என் அம்மா சொன்ன கிணற்றுக்காரிக்கு அன்றைக்குச் சட்டத் துணையும் பெரிதாக இல்லை. கணவன் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ பிரிவு 1983-ல் வந்தது. வரதட்சணைச் சாவுக்கான 304பி 1986-ல் வந்தது. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்று தினசரிகளில் அடிக்கடி படித்த காலம் அது. இப்போதும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், நாடு முழுக்க ஒரே ஆண்டில் 6,000-க்கு மேல் வரதட்சணைச் சாவு. எனவே பெண் பேய்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று உங்கள் மகளிடம் சொல்லலாம். அவளுக்குப் புரியும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. படத்தை நிறுத்த வேண்டாம், ராத்திரி போனை நிறுத்துங்கள். பத்து மணிக்கு மேல் போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். சனி, ஞாயிறு பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ரொம்பப் பயந்தால் சத்தத்தை மட்டும் மியூட் செய்யச் சொல்லுங்கள். பயத்தில் பாதி அந்த இசைதான். சத்தம் போனதும் மேக்கப்பும் பவுடரும் தெரிந்துவிடும்.

பார்த்து முடித்ததும், 'உனக்கு இதில் எது ரொம்பப் பயமா இருந்தது?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சில பிள்ளைகள், 'கதவைத் தட்டுறது' என்பார்கள். சிலர், 'யாருமே அவளை நம்பாதது' என்பார்கள். இரண்டாவது பதில் வந்தால் கொஞ்சம் கூடவே உட்காருங்கள். பஸ்ஸில், டியூஷனில், போனில் யாராவது தொல்லை கொடுத்து, நம்ப மாட்டார்களோ என்று அவள் மனசுக்குள் வைத்திருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கேட்டுவைப்பது நல்லது. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, பகலில்கூடத் தனியாக இருக்கப் பயந்தாலோ, 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் பேசுங்கள், அல்லது டாக்டரைப் பாருங்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவரும் ஒரு காலத்தில் வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகத் திருவாலங்காடு போய் வாருங்கள். உங்கள் ஊரிலிருந்து அரக்கோணம் பக்கம் போகிற ரயிலில் கொஞ்ச நேரம்தான், ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. அந்தத் தலத்தில்தான் காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்தார். மாம்பழ அற்புதத்தைப் பார்த்துப் பயந்த புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, 'இந்த அழகு இனி எனக்கு எதற்கு' என்று பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். வற்றிய மார்பையும் குழிந்த வயிற்றையும் கூச்சமில்லாமல் பாடி, தன் பெயரைக் 'காரைக்கால் பேய்' என்றே பாட்டில் போட்டுக்கொண்டவர். அவர் தலையால் நடந்து வந்த மண் என்பதால், அதைக் காலால் மிதிக்க ஞானசம்பந்தரே தயங்கி ஊருக்கு வெளியே தங்கினார் என்கிறது பெரிய புராணம். அப்படித் தங்கியபோது பாடிய பதிகத்தில்தான் நீலி வருகிறாள்.

உங்கள் மகளுக்கு அந்தச் சன்னதியில் வைத்து இதைச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது ரயிலில் பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள், அவர் பிறந்த ஊரிலும் இப்படி ஒரு கிணறோ புளியமரமோ கட்டாயம் இருந்திருக்கும். அங்கே இருந்தவளின் பெயரையும் சேர்த்துக் கேட்கட்டும்.