முதல் ஆல்பத்தில் அசத்திவிட்டு, இரண்டாவதிலும் சொதப்பாத நியூ வேவ் (எழுபதுகளின் கடைசியில் பங்க்கை ஒட்டி வளர்ந்த ராக் பாணி) குழு என்று யாரைச் சொல்வீர்கள்?

யோசிக்காமல் சொல்வேன்: அமெரிக்காவின் டாக்கிங் ஹெட்ஸ். அவர்களின் இரண்டாவது ஆல்பம், 1978 ஜூலையில் வந்த 'மோர் சாங்ஸ் அபௌட் பில்டிங்ஸ் அண்ட் ஃபுட்'.

இரண்டாவது ஆல்பம் ஏன் பலருக்குக் கண்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முதல் ஆல்பத்துக்கான பாட்டுகளை வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பார்கள். இரண்டாவதற்குக் கம்பெனி கொடுக்கும் அவகாசமோ சில மாதங்கள். நடுவில் ஊர் ஊராகக் கச்சேரி வேறு. பாட்டு எங்கிருந்து வரும்?

டாக்கிங் ஹெட்ஸுக்கு அந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. 1975-லேயே நியூயார்க்கின் சிபிஜிபி கிளப்பில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 'டாக்கிங் ஹெட்ஸ்: 77' என்ற முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே 'வார்னிங் சைன்', 'த கேர்ள்ஸ் வான்ட் டு பி வித் த கேர்ள்ஸ்' எல்லாம் அவர்கள் கைவசம் இருந்தன. அதாவது, இரண்டாவது ஆல்பத்தில் கணிசமான பாட்டுகள் பழைய சரக்கு. அப்படியிருந்தும் கேட்டால் வேறொரு குழு வாசிப்பது போல இருக்கிறது. நான் இந்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அதுதான்.

மாற்றம், இந்த ஆல்பத்தை அவர்களோடு சேர்ந்து தயாரித்த இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ வழியாக வந்தது. 1977-ல் ரமோன்ஸ் குழுவோடு லண்டனுக்குப் போனபோது அவர் பழக்கமானார். டாக்கிங் ஹெட்ஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டு 'கிங்ஸ் லீட் ஹேட்' என்று ஒரு பாட்டே செய்துவிட்டார் மனிதர். 1978 வசந்தத்தில் எல்லோரும் பஹாமாஸில், நாசோ நகரில் இருந்த காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவுக்குப் போய் ரெக்கார்டிங்கை முடித்தார்கள். ஐலண்ட் ரெக்கார்ட்ஸை நடத்திய கிறிஸ் பிளாக்வெல் அப்போதுதான் புதிதாகக் கட்டியிருந்த இடம் அது.

ஈனோ என்றதும் சின்தசைசரும் விசித்திர ஒலிகளும்தான் பலருக்கு நினைவு வரும். அவை இதிலும் உண்டு. டிரம்ஸ் ஒலியைக் கூடத் தன் கருவிக்குள் விட்டு உருமாற்றியிருக்கிறார். ஆனால் என் காதுக்குப் பெரிய மாற்றம் வேறு இடத்தில். முதல் ஆல்பத்தில் டேவிட் பர்னின் குரல்தான் எஜமானன், மற்றதெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம். இங்கே டீனா வேமத்தின் பேஸ் கிடாரும் கிறிஸ் ஃப்ரான்ட்ஸின் டிரம்ஸும் முன்னுக்கு வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பர்ன் பதற்றமாகக் கத்திக்கொண்டே இருக்கிறார், கீழே தாளம் அசையாமல் நிற்கிறது. 'ஃபவுண்ட் எ ஜாப்' கேளுங்கள். டிவியில் ஒன்றும் உருப்படியாக இல்லை என்று சண்டை போடும் ஜோடி, கடைசியில் தாங்களே நிகழ்ச்சி தயாரிக்கக் கிளம்பிவிடுகிறது. கதை முடிந்த பிறகும் கிடாரும் பேஸும் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். 1980-ல் 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கான வழி இந்தப் பாட்டிலேயே தெரிகிறது.

அப்புறம் 'டேக் மீ டு த ரிவர்'. ஆல் கிரீன், டீனி ஹாட்ஜஸோடு சேர்ந்து எழுதி, 1974-ல் பாடிய சோல் பாட்டு. பாவமும் ஞானஸ்நானமும் காமமும் ஒன்றாகக் கலந்த வரிகள். இதை ஆர்ட் ஸ்கூல் பிள்ளைகள் பாடினால் அபத்தமாகத்தான் போயிருக்க வேண்டும். (பர்ன், ஃப்ரான்ட்ஸ், வேமத் மூவரும் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் பழகியவர்கள், ஜெர்ரி ஹாரிசன் மட்டும் மாடர்ன் லவர்ஸ் குழுவிலிருந்து வந்தவர்.) வேகத்தைக் குறைத்துத் தப்பித்தார்கள். ஐந்து நிமிடத்துக்குச் சேற்றில் நடப்பது போல ஒரு நடை. பர்ன் ஆல் கிரீன் மாதிரி பாடவே முயலவில்லை. பில்போர்டின் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் 26-வது இடம் வரை போனது. முதல் ஆல்பத்தின் 'சைக்கோ கில்லர்' 92-ஐத் தாண்டவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. இசைத்தட்டின் முதல் பக்கம் மூச்சு விடாமல் ஓடுவதால் 'த குட் திங்' வரும்போது கொஞ்சம் அலுப்புத் தட்டும். கடைசிப் பாட்டான 'த பிக் கன்ட்ரி'யில் விமானத்திலிருந்து கீழே பார்க்கும் ஒருவன், காசு கொடுத்தாலும் அங்கே வாழமாட்டேன் என்கிறான். அது கிண்டலா, நிஜமான இளக்காரமா என்று ரசிகர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும்தான் என்று படுகிறது. அட்டைப்படம் பற்றியும் ஒரு வார்த்தை: 529 போலராய்டு துண்டுகளை ஒட்டி நால்வரின் உருவத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். எல்பி அளவில் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும்.

'இங்கிலாந்துப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் இரண்டாவது ஆல்பத்தை விட்டுவிட்டீர்களே' என்று யாராவது வருவீர்கள். சரி, 'திஸ் இயர்ஸ் மாடல்' அருமையானதுதான், மறுக்கவில்லை. இரண்டாவதில் சொதப்பியதற்கு எதிர் உதாரணம் வேண்டுமென்றால் த நாக் குழு. 1979-ல் அவர்களின் 'மை ஷரோனா' பாட்டு அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த பிப்ரவரியிலேயே அதே தயாரிப்பாளர் மைக் சாப்மேன், அதே ஒலி என்று இரண்டாவது ஆல்பத்தை இறக்கினார்கள். முதலாவதன் நிழலில் அது அப்படியே மங்கிப்போனது.

டாக்கிங் ஹெட்ஸ் ஆல்பத்தைக் கேட்பதாக இருந்தால் கூடுதல் பாட்டுகள் சேர்த்த மறுவெளியீட்டைத் தேடுங்கள். அதில் 'ஸ்டே ஹங்ரி'யின் 1977 வடிவமும் இருக்கிறது. ஆல்பத்தில் உள்ளதைக் கேட்டுவிட்டு உடனே அதைப் போடுங்கள். முடிந்தால் ஹெட்போனில், பேஸ் கேட்கிற மாதிரி.