பாட்டியின் பவுனும் பாண்டா நாணயமும்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாதா மாதம் ஒரு கிராம் தங்க நாணயம் வாங்கிச் சேர்க்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, 'அதை விட்டுட்டு பாண்டா, மேப்பிள் லீஃப் மாதிரி வெளிநாட்டு நாணயமா வாங்குக்கா, சேகரிக்கிறவங்க நல்ல விலை கொடுப்பாங்க' என்கிறான். பாட்டி கொடுத்த, ஜார்ஜ் ராஜா தலை போட்ட நான்கு பவுன் காசுகளும் என்னிடம் உண்டு. அவற்றில் இரண்டில் மாலையில் கோக்கக் காது பற்றவைத்திருக்கிறது. நான்கையும் போட்டு வளையல் செய்துவிடலாம் என்கிறார் அம்மா. யார் பேச்சைக் கேட்பது?"

பதிலுக்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். இந்த நாணயங்களை நாளைக்கு யாரிடம் விற்பீர்கள்? நகைக்கடையிலா, நாணய வியாபாரியிடமா? நகைக்கடைக்காரர் தராசையும், தங்கத்தின் தரம் காட்டும் கேரட் மீட்டரையும் மட்டுமே பார்ப்பார். நாணய வியாபாரி ஆண்டு, அச்சடித்த நாணயச்சாலை, தேய்மானம் எல்லாம் பார்ப்பார். முன்னவரிடம் விற்கப்போகும் பொருளைப் பின்னவர் சொல்லும் விலைக்கு வாங்குவதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் நஷ்டம். உங்கள் தம்பியின் யோசனையில் அந்த ஆபத்து இருக்கிறது.

முதலில் மாதாந்திர ஒரு கிராம். சேமிப்புக்காக நாணயம் வாங்குகிறவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவை. நகையில் போகும் செய்கூலி, சேதாரம் அளவுக்கு இதில் போகாது. அவசரத்துக்கு ஒன்றிரண்டை மட்டும் விற்கலாம். எடையும் தரமும் உறை மேலேயே இருக்கும். ஆனால் நாணயம் சிறிதாக ஆக, கிராமுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் தொகை பெரிதாகும். கணக்குக்காகக் கிராம் விலை 10,000 ரூபாய் என்று வையுங்கள். ஒரு கிராம் நாணயத்துக்குக் கூலியாக 500 சேர்ந்து, அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 10,815 ஆகிறது. அன்றைக்கே விற்றால், கடைக்காரர் 2 சதவீதம் பிடித்துக்கொண்டு 9,800 தருகிறார் என்று கொள்வோம். ஆயிரத்துச் சொச்சம் போயிற்று. போட்ட பணத்தில் 9 சதவீதத்துக்கு மேல். அதே கணக்கில் 8 கிராம் நாணயத்துக்குக் கூலி 1,200 என்றால், வரியோடு 83,636. திரும்பக் கிடைப்பது 78,400. நஷ்டம் 6 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கூலியும் பிடித்தமும் கடைக்குக் கடை மாறும். உங்கள் கடையின் எண்களைப் போட்டு ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

அப்படியானால் எட்டு மாதம் பணத்தைச் சேர்த்து ஒரே நாணயமாக வாங்குவதுதானே லாபம்? காகிதத்தில் ஆமாம். ஆனால் வீட்டில் எட்டு மாதம் கரையாமல் பணம் நிற்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கையில் இருக்கும் ரொக்கத்துக்கு ஆயிரம் செலவு வரும், உறையில் இருக்கும் தங்கத்தை யாரும் சட்டென்று கேட்பதில்லை. அந்தப் பாதுகாப்புக்கான கட்டணம் என்று நினைத்தால் ஒரு கிராம் வாங்குவதிலும் தவறில்லை. பணம் நிற்கும் வீடு என்றால் 8 அல்லது 10 கிராமாக வாங்குங்கள். விலை ஏற்றம் மட்டுமே போதும், கையில் தங்கம் வேண்டாம் என்பவர்களுக்குப் பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதியான தங்க இடிஎஃப் இருக்கிறது. அரசின் தங்கப் பத்திரத்தில் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை.

நாணயத்தை வங்கியில் வாங்குவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: விற்ற நாணயத்தை வங்கி திரும்ப வாங்காது. கடைசியில் நகைக்கடைக்குத்தான் போகவேண்டும். எனவே நீங்கள் வழக்கமாகப் போகும் கடையில், "இதே நாணயத்தைக் கொண்டுவந்தால் எவ்வளவு பிடிப்பீர்கள், ரொக்கமாகத் தருவீர்களா, நகையாகத்தான் மாற்றவேண்டுமா?" என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பல கடைகளில் நகையாக மாற்றினால் ஒரு விலை, பணமாகக் கேட்டால் ஒரு விலை. அடகுக்கும் வரம்பு உண்டு. தங்கக் கட்டியை வங்கிகள் அடமானமாக ஏற்பதில்லை. நாணயம் ஒருவருக்கு 50 கிராம் வரைதான்.

இனி தம்பியின் பாண்டா. தென்னாப்பிரிக்கா 1967இல் க்ரூகரேண்டை அடித்ததிலிருந்துதான் ஒரு அவுன்ஸ் தங்க நாணயம் உலகச் சந்தைக்கு வந்தது. 1979இல் கனடாவின் மேப்பிள் லீஃப், 1982இல் சீனாவின் பாண்டா, 1986இல் அமெரிக்காவின் ஈகிள், 1987இல் பிரிட்டனின் பிரிட்டானியா என்று அடுத்தடுத்து வந்தன. எல்லாமே அடிப்படையில் எடைக்காக அடிக்கப்பட்டவை. பாண்டாவில் மட்டும் படம் பெரும்பாலும் ஆண்டுதோறும் மாறும். அதனால்தான் சேகரிப்பவர்கள் ஆண்டுக்கு ஒன்று என்று தேடுகிறார்கள், சில பழைய ஆண்டுகளுக்குத் தங்க விலைக்கு மேல் கொடுக்கிறார்கள். அதை வைத்து இந்த ஆண்டு பாண்டாவும் அப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் அடிக்கப்படும் நாணயம் அரிதாவதற்கு நீண்ட காலம் வேண்டும், அதிர்ஷ்டமும் வேண்டும்.

ஈரோட்டில் ஒரு நகைக்கடையில் பாண்டாவை நீட்டினால் தங்க விலைதான் கிடைக்கும், அதுவும் கடைக்காரர் உறையைப் பிரித்துச் சோதித்த பிறகு. உறை பிரிந்த நாணயத்தைச் சேகரிப்பவர் பழைய மதிப்பில் பார்க்கமாட்டார். க்ரூகரேண்டை நீட்டினால் வேறு குழப்பம். செம்பு கலந்த 22 கேரட் என்பதால் சற்றே சிவந்திருக்கும், எடை 33.93 கிராம், அதில் சுத்தத் தங்கம் 31.1 கிராம், அதாவது ஒரு அவுன்ஸ். 'கலப்பு அதிகம்' என்று யாராவது விலையைக் குறைத்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

ஆகவே தம்பிக்கு ஆசை இருந்தால் அவர் சிங்கப்பூரிலேயே வாங்கி, அங்கேயே வைத்து, அங்கேயே விற்கட்டும். முதலீட்டுத் தரத் தங்க நாணயங்களுக்கு அங்கே 2012 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி விலக்கு உண்டு, வாங்கி விற்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது கையில் எடுத்துவந்தால் விமானநிலையத்தில் சுங்கவரி கட்டவேண்டும். வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கு நகைக்கு இருக்கும் சலுகை நாணயத்துக்குக் கிடையாது. இதைத் தெரியாமல் 'அக்காவுக்குப் பரிசு' என்று பையில் போட்டுவந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

சேகரிப்பு தவறு என்று சொல்லவில்லை. அது வேறு கணக்கு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் இந்திய அரசு 1,000 ரூபாய் நாணயம் வெளியிட்டது. 35 கிராம் எடை, 80 சதவீதம் வெள்ளி. ஆக 28 கிராம் வெள்ளி. அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர் வெள்ளிக்காக வாங்குவதில்லை. விற்கும்போதும் அந்தக் கோயில் மேல் பிரியம் உள்ள இன்னொருவர் வேண்டும். அவர் கிடைக்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு முன்பணம் கட்டவேண்டிய வாரத்தில் அப்படி ஒருவர் அகப்படமாட்டார்.

உங்கள் கடிதத்தில் எனக்குச் சுவையான பகுதி பாட்டியின் காசுகள். நம் ஊர்களில் 'பவுன்' என்று 8 கிராமைச் சொல்கிறோம். அசல் பிரிட்டிஷ் சவரன் 7.98 கிராம், 22 கேரட். அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். இந்தியாவில் ஒரு காலத்தில் 15 ரூபாய்க்குச் செல்லுபடியான பணம் அது.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். தாடியோடு இடப்பக்கம் பார்க்கும் தலை ஐந்தாம் ஜார்ஜ். தாடியோடு வலப்பக்கம் பார்த்தால் ஏழாம் எட்வர்ட். நம் வீடுகளில் இரண்டையும் 'ஜார்ஜ் காசு' என்றே சொல்வார்கள். தாடியில்லாத ஆறாம் ஜார்ஜ் தலை இருந்தால் எச்சரிக்கை. அவருக்கு 1937இல் சேகரிப்புத் தொகுதிக்காகச் சில ஆயிரம் சவரன்கள் மட்டுமே அடித்தார்கள். வேறு ஆண்டு போட்டிருந்தால் அது போலி. பிறகு காசைத் திருப்புங்கள். குதிரை மேல் வீரன் டிராகனைக் குத்தும் படத்தில், ஆண்டுக்கு நேர் மேலே தரைக்கோட்டில் சின்ன எழுத்து இருக்கிறதா பாருங்கள். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்பர்ன், பி பெர்த். ஐ என்று இருந்து ஆண்டு 1918 ஆக இருந்தால் அது பம்பாயில் அடித்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அந்த ஓர் ஆண்டு மட்டும் அங்கே சவரன் அடித்தார்கள். ஆனால் சுமார் 13 லட்சம் அடித்ததால் அதுவே புதையல் ஆகிவிடாது. தங்க விலைக்கு மேல் ஓரளவு கிடைக்கலாம், தேய்மானத்தைப் பொறுத்து.

எடையும் பாருங்கள். 7.93 கிராமுக்குக் கீழே போயிருந்தால் நன்றாகத் தேய்ந்த காசு, அல்லது வேறு யாரோ அடித்தது. விட்டம் 22 மில்லிமீட்டர். உண்மையான தங்கத்திலேயே போலிச் சவரன் அடித்த காலமும் இருந்தது, ஆகவே கேரட் மீட்டர் 22 காட்டினால் மட்டும் போதாது. அத்தகைய காசுக்கும் தங்கத்தின் விலை கிடைத்துவிடும், சேகரிப்பு மதிப்பு கிடைக்காது.

காது பற்றவைத்த இரண்டையும் சேகரிப்பவர் கையால் தொடமாட்டார். காதை அறுத்து மெருகு போட்டாலும் தழும்பு தெரியும். காது இல்லாத இரண்டை மட்டும் தனியாக வையுங்கள். தயவுசெய்து புளி, பூந்திக்கொட்டை, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டில் நகைக்குச் செய்யும் அந்த நல்ல காரியம் பழைய நாணயத்துக்குக் கெடுதல். இன்னொன்று, நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லவோ தபாலில் அனுப்பவோ கூடாது. சிங்கப்பூரில் விற்றுத் தருகிறேன் என்று தம்பி சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம். பாட்டியிடமிருந்து வந்ததற்கு அவர் வைத்திருந்த காலமும் சேரும். 2001க்கு முன் வாங்கியதாக இருந்தால் 2001 ஏப்ரல் 1 நிலவரச் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டலாம். வருமானவரிச் சோதனையில் மணமான பெண்ணுக்கு 500 கிராம் வரை பறிமுதல் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அந்த விதி நகைக்கானது, நாணயத்துக்கு அதை நம்பக்கூடாது. மாதாந்திர நாணயத்தின் பில்களை எல்லாம் ஒரு கோப்பில் வையுங்கள். பாட்டியின் காசுக்கு பில் இருக்காது. படம் எடுத்து, எடை குறித்து, யார் எப்போது கொடுத்தது என்று எழுதி, வீட்டுப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கி அதோடு சேருங்கள்.

அம்மாவின் வளையலுக்குக் காது வைத்த இரண்டு காசுகளைக் கொடுக்கலாம். உருக்குவதற்கு முன், காதையும் பற்றவைத்த பொடியையும் நீக்கி எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பற்றவைத்த இடத்தைக் காரணம் காட்டி முழுக் காசின் மாற்றையும், அதாவது தரத்தையும், குறைக்கப் பார்ப்பார்கள். மீதி இரண்டையும் கோவையிலோ சென்னையிலோ நாணயக் கண்காட்சி நடக்கும்போது எடுத்துப்போய், குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் விலை கேளுங்கள். தங்க விலைக்கு மேல் யாரும் தரவில்லை என்றால் அவையும் எடைக்கணக்கில் சேர வேண்டியவைதான். அப்போது வளையலைக் கொஞ்சம் கனமாகவே செய்துகொள்ளலாம்.