பிரஷர் மாத்திரையைக் கூட்டினால் பார்க்கின்சன் நிற்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 64. கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது. வலது கை நடுங்குகிறது, கவாத்துக் கத்தியை முன்போல் வீச முடியவில்லை. கோயம்புத்தூரில் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி அதற்கான சிண்டோபா மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறார். "பிரஷர் மாத்திரை பார்க்கின்சன் முற்றுவதைத் தடுக்கும்" என்று ஒரு பழைய செய்தியைத் தம்பி மகன் போனில் அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து, அம்லோடிபினை இரண்டாகப் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். காலையில் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றும் சொல்கிறார். போடலாமா, டாக்டர்?

பதில்: போடவே வேண்டாம், அம்மா. நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தத் தலைசுற்றல்தான் எனக்குக் கவலை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தம்பி மகன் அனுப்பியது புரளி இல்லை. அந்த மாத்திரையின் பெயர் இஸ்ராடிபின். அம்லோடிபினுக்குப் பங்காளி முறை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சர்மையர் குழு 2007இல் எலிகளிடம் ஒன்றைக் கண்டது. பார்க்கின்சனில் அழிவது, உடல் அசைவுக்குத் தேவையான டோபமினை நடுமூளையில் சுரக்கும் நரம்பணுக்கள். இவை இரவு பகல் ஓயாமல் தாங்களாகவே துடிப்பவை. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே நுழைகிறது. அதை வெளியே தள்ளுவதற்கே அணு தன் சக்தியைச் செலவழித்துக் களைத்துப் போகிறது. இஸ்ராடிபினால் அந்த வழியை அடைத்தபோதும் அணுக்கள் துடிப்பை விடவில்லை, இளம் வயதில் இருந்த மாதிரி கால்சியம் இல்லாமலே துடித்தன. பார்க்கின்சன் போலவே அணுக்களைக் கொல்லும் விஷம் கொடுத்தும் அவ்வளவாகச் சாகவில்லை. அழகான கண்டுபிடிப்பு, நானும் அன்று ஆசையோடுதான் படித்தேன்.

அப்புறம் டென்மார்க்கில் மருந்துப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். இந்த வகை பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு பார்க்கின்சன் சற்றுக் குறைவாக வந்திருந்தது. ஆனால் மூளைக்குள் நுழையக்கூடிய வகைகளில்தான் அந்த வித்தியாசம். அம்லோடிபினில் அது தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்து மனிதர்களிடம் நேராகச் சோதித்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 336 பேர். பாதிப் பேருக்கு இஸ்ராடிபின் 5 மி.கி. தினம் இரண்டு வேளை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை, மூன்று வருஷம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. 2020இல் வெளியான முடிவில் நோயின் மதிப்பெண் (கூடினால் நோய் கூடுகிறது என்று அர்த்தம்) ஒரு தரப்புக்கு 2.99, இன்னொரு தரப்புக்கு 3.26 கூடியிருந்தது. அதாவது வித்தியாசம் இல்லை. அளவு போதவில்லை என்கிறார்கள் சிலர். நடுக்கம் வெளியே தெரிவதற்குள் பெரும்பங்கு அணுக்கள் போய்விடுகின்றன, அதனால் பிந்திவிட்டது என்கிறார்கள் வேறு சிலர். இருக்கலாம். ஆனால் 2007ஆம் வருஷத்துச் செய்தி ஓடுகிற வேகத்தில் 2020ஆம் வருஷத்துச் செய்தி ஓடுவதில்லை. யாரும் அதை ஃபார்வர்ட் செய்வதும் இல்லை.

சரி, தலைசுற்றல். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற நரம்புகளையும் பார்க்கின்சன் தளர்த்திவிடும். சிண்டோபாவும் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும். அதன் மேல் அம்லோடிபின். மூன்றும் சேர்ந்தால் ஆள் எழுந்ததும் கண் இருட்டும். சமவெளியில் விழுந்தால் தரையில் விழுவார். நம் ஊரில் வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏற எத்தனை படி என்று உங்களுக்கே தெரியும், அதுவும் பனி ஈரத்தில். இடுப்பு எலும்பு முறிந்து என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு விஷயம் இதுதான்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால், அவரை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்த எண்களை எழுதிய சீட்டோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அம்லோடிபினைக் குறைக்கச் சொல்லலாம், நிறுத்தவும் சொல்லலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். சிண்டோபாவையும் திடீரென்று விடக்கூடாது, அது ஆபத்து. அதுவரை காலையில் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு எழட்டும்.

நோயை மெதுவாக்க எதுவுமே இல்லையா என்பார். அப்படி நிரூபணமான மாத்திரை இன்றைக்கு எதுவும் இல்லை. நடை, உடற்பயிற்சி அசைவை நன்றாக வைக்கும். கவாத்து வேண்டாம், தோட்டத்தை ஒரு சுற்று வரட்டும், யாராவது கூடப் போங்கள்.

கேள்வி: டீ, காபி குடிப்பவர்களுக்கு பார்க்கின்சன் வராதாமே? (வாசகர், குன்னூர்)

பதில்: வராது என்று இல்லை, குறைவாக வருகிறது என்று பல கணக்கெடுப்புகள் சொல்கின்றன. ஆனால் நோய் வந்தவர்களுக்கு கஃபீன் மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனையில் அசைவு தேறவில்லை, 2017இல் முடிவு வந்தது. டீயை ருசிக்காகக் குடியுங்கள். இந்த ஊரில் அதற்கு என் சிபாரிசு தேவையில்லை.