கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதை விஞ்ஞானம் தீர்த்துவைக்குமா?

தீர்க்காது. இதைச் சொன்னதும் "பாத்தியா, விஞ்ஞானமே தோத்துப்போச்சு" என்று துள்ளுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், முழுக்க வாசித்துவிட்டுத் துள்ளலாம்.

கேட்டவர் உயர்தரம் படிக்கிற பிள்ளையாக இருக்கவேண்டும், வீட்டில் கோயில் விஷயத்தில் கொழுவிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் கல்முனைப் பக்கம் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். எனக்குக் கொழுவல் வந்தது அக்காவோடு.

மருமகன் டெங்குக் காய்ச்சலில் கிடந்து எழும்பினான். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக் காப்பாற்றினார்கள், அக்கா பாண்டிருப்புத் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிப்பதாக நேர்த்தி வைத்தாள். அங்கே நடக்கிற தீப்பள்ளயம் தெரியாதவர்களுக்கு: பாரதக் கதையோடு ஓடுகிற 18 நாள் திருவிழா அது. வனவாசம், தவநிலை எல்லாம் கழிந்து கடைசியில்தான் தீ மிதிப்பு. அக்காவுக்கு நீரிழிவு, காலில் புண் வந்தால் ஆறாது. அந்தப் பயத்தில்தான் வாயைத் திறந்தேன், அம்மாளைப் பழிக்க அல்ல. (இதைச் சொல்லாவிட்டால் நாளைக்கே நாத்திகன் பட்டம் வரும். கோயில் வரியை ஒழுங்காகக் கட்டுகிறவன் நான்.)

சொன்னது இவ்வளவுதான். கரியின் வெப்பக் கடத்தாறு, அதாவது சூட்டைக் கடத்தும் திறன், குறைவு, மேலே சாம்பல் படை, பாதம் ஒரு செக்கன்கூட ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால் வேகமாக நடக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சுடாது. அதே சூட்டில் இரும்புத் தகட்டை வைத்தால் எந்தப் பக்தருக்கும் தோல் உரியும். 1935 இல் இங்கிலாந்தில் குடா பக்ஸ் என்ற காஷ்மீர்க்காரரை நடக்கவிட்டு, பாதத்தை முன்னும் பின்னும் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். "நல்லதாப் போச்சு தம்பி, எனக்கிருந்த பயமும் கொறஞ்சிட்டு" என்றாள்.

மிதித்தாள். குதிக்காலில் சின்னக் கொப்புளம் ஒன்று. "விரதத்தில ஏதோ குறை விட்டிட்டன்" என்று அவளே தீர்ப்பும் சொன்னாள்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. சுடாவிட்டால் அம்மாளின் காவல், சுட்டால் விரதப் பிழை. என்ன நடந்தாலும் தோற்காத ஒரு கூற்றை எந்த ஆய்வுகூடமும் சோதிக்க முடியாது. தோற்கக்கூடிய கூற்றாக வந்தால்தான் சோதிக்கலாம். அப்படியும் ஒன்று செய்தார்கள். அமெரிக்காவில் இதயச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, முன்பின் தெரியாதவர்களைக் கொண்டு பிரார்த்தனை செய்வித்த ஆய்வு, 2006 இல் வெளியானது. பிரார்த்தனை கிடைக்குமா என்று தெரியாமல் இருந்தவர்களில், கிடைத்தவர்களில் 52 சதவீதத்துக்கும் கிடைக்காதவர்களில் 51 சதவீதத்துக்கும் சிக்கல் வந்தது. தமக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்திருந்தவர்களில் 59 சதவீதம்! இதனால் கடவுள் இல்லை என்றாகிவிட்டதா? இல்லை. அந்த முறையில் அந்தப் பிரார்த்தனை வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். பகுத்தறிவாளர் டாக்டர் கோவூர் அற்புதம் செய்து காட்டுங்கள் என்று ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் கட்டினார், 1978 இல் சாகும்வரை ஒருவரும் வெல்லவில்லை. அதனால் கெட்டதும் சாமியார்களின் பேர்தான்.

விஞ்ஞானத்தைக் காட்டிக் கடவுளை நிரூபிக்கப் பார்க்கிற மறுபக்கத்துக்காரரும் அவசரப்படக்கூடாது. பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றிய பெருவெடிப்புக் கருத்தின் மூலவர்களில் ஒருவரான லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951 இல் பாப்பரசர் 12 ஆம் பத்திநாதர் அந்த ஆராய்ச்சியைப் படைப்புக்குச் சாட்சிபோலப் பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. விசுவாசத்தை விஞ்ஞானக் கொள்கையில் கட்டினால், நாளை கொள்கை மாறினால் என்ன செய்வது? எங்கள் காரைதீவு விபுலானந்த அடிகளும் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, பிறகுதான் துறவி. அவரைக் காட்டி "விஞ்ஞானியே கடவுளை ஒப்புக்கொண்டார்" என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். பட்டம் பெற்றவர் கும்பிட்டால் கும்பிடுகிறார், அது பரிசோதனை முடிவு அல்ல.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டோம், கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும். சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் புவித்தட்டு வழுக்கியது, கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலத்தில் அலை இங்கே வந்தது என்பதை விஞ்ஞானம் சொல்லும். "ஏன் என்ட புள்ள?" என்று கேட்ட தாய் அதையா கேட்டாள்?

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். நான் முன்பு படிப்பித்த பாடசாலை ஒன்றில் ஆய்வுகூடக் கூரை ஒழுகி அலுமாரிச் சாமானெல்லாம் துருப்பிடித்தது. மேலிடத்துக்கு எழுதினோம், பழைய மாணவரிடம் கேட்டோம், பதில் இல்லை. அதே வருடம் அதே ஊரில் கோபுரத்துக்குப் புது வர்ணம் அடித்தார்கள், பக்கத்து ஊரில் பள்ளிவாசலுக்கு மினாரா எழும்பியது. இரண்டுக்கும் காசு கொடுத்தவர்கள்தான் பிள்ளைகள் விஞ்ஞானப் பிரிவில் ஏன் குறைவு என்று என்னிடம் கேட்கிறார்கள். கடவுளைச் சோதிக்கிறது இருக்கட்டும், தன்வெப்பக் கொள்ளளவைச் சோதிக்கக் கலோரிமானி என்ற வெப்பம் அளக்கும் கருவி இல்லாமல் கரும்பலகையில் படம் கீறித்தான் அந்தப் பிள்ளைகளைச் சோதனைக்கு அனுப்பினேன்.